நஞ்சுண்டவன் குளமும் நாம் திரும்பிய வழியும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



நான் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்த காலம். எங்களுக்குத் தமிழ் படிப்பித்த ஆசிரியர் ஒருநாள் பெரியபுராணத்திலே அப்பர் சுவாமிகளின் கயிலை யாத்திரையை விளக்கிக்கொண்டிருந்தார். அப்பர் வடதிசை நோக்கி நடக்கிறார். கால்கள் தேய்கின்றன. கைகளை ஊன்றித் தவழ்கிறார். கைகளும் தேய, மார்பினால் நகர்கிறார். அதுவும் முடியாமற்போக, உடம்பைப் புரட்டிப் புரட்டிச் செல்கிறார். அந்த வேளையில் முனிவர் வடிவத்திலே இறைவன் வந்து, மானிட உடம்போடு கயிலையை அடைய இயலாது, திரும்பிச் செல் என்கிறார். அப்பர் மறுத்துவிடுகிறார். ஈற்றில் அங்கிருந்த பொய்கையிலே மூழ்கும்படி கட்டளை பிறக்கிறது. மூழ்கியவர் திருவையாற்றுக் குளத்திலே வந்து எழுகிறார். கயிலைக் காட்சி அவருக்கு அங்கேதான் கிடைக்கிறது.

வகுப்பில் நான் எழுந்து நின்று கேட்டேன்: "சேர், கடைசியிலை ஐயாற்றிலைதானே காட்சி கிடைச்சது. அப்ப ஏன் அவ்வளவு தூரம் நடந்தவர்?"

வகுப்பு சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். "நடந்து பார்த்தால் தெரியும் தம்பி" என்று மாத்திரம் சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விட்டார்.

அந்த ஆசிரியரோடு நான் உண்மையிலேயே நடந்து பார்த்த கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். நடந்தது கயிலைக்கு அல்ல. நேபாளத்திலே, காத்மண்டுவுக்கு வடக்கே, றசுவா மாவட்டத்தில் உள்ள கோசாயிகுண்டம் என்னும் மலைக்குளத்துக்கு. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் 4,380 மீற்றர். எங்கள் நாட்டின் மிக உயர்ந்த மலையாகிய பீதுருதாலகாலை 2,524 மீற்றர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த உயரம் விளங்கும்.

இந்தக் குளத்துக்கும் சைவர்களாகிய எங்களுக்கும் நேரான உறவு உண்டு. பாற்கடல் கடைந்தபோது எழுந்த ஆலகால விஷத்தைச் சிவபெருமான் உண்டார் என்பது நாம் சிறுவயது முதல் கேட்ட கதை. நேபாளத்து மக்கள் அந்தக் கதையை இன்னும் ஓர் அடி முன்னே கொண்டு செல்கிறார்கள். நஞ்சின் வெம்மை தாங்காத இறைவன் குளிர்மை தேடி இந்த மலைக்கு வந்தாராம். திரிசூலத்தை மலைச்சரிவிலே குத்தினாராம். பீறிட்ட நீர் குளமாயிற்றாம். இக்குளத்திலிருந்து இறங்கும் நீர் திரிசூலி என்ற பெயருள்ள ஆற்றிலே சேர்ந்து, நாராயணியாகிக் கங்கையிலே கலக்கிறது. திருநீலகண்டம் என்று நாம் நாவினால் சொல்லும் ஒன்றை அவர்கள் நிலத்திலே, நீரிலே காட்டுகிறார்கள்.

2012ஆம் ஆண்டு சித்திரை விடுமுறை. ஆசிரியர் ஓய்வுபெற்று ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. நான் ஒரு பாடசாலையிலே ஆசிரியனாக இருந்தேன். இருவருமாகப் புறப்பட்டோம். ஆசிரியர் சிவனொளிபாதமலைக்குப் பதினைந்து தடவைக்கு மேல் ஏறியவர். நல்லதண்ணியில் இரவு புறப்பட்டு, விடியுமுன் உச்சியில் நின்று சூரிய உதயம் பார்த்துவிட்டு, மத்தியானத்துக்குள் கீழே வந்து சோறு சாப்பிடுகிறவர். "மலை ஏறுறது எனக்குப் பழக்கம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நானும் அதை நம்பினேன். எங்களுடைய பிழை அங்கேதான் தொடங்கிற்று. சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். உயரத்தினால் வரும் நோய் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேலேதான் ஆரம்பிக்கிறது. அப்படியானால் இலங்கையில் பிறந்து வளர்ந்த உடம்புக்கு அந்த நோயை அறிந்துகொள்ள ஓர் இடமே கிடையாது என்றுதான் சொல்லவேண்டும்.

காத்மண்டுவிலிருந்து துன்சே என்னும் ஊருக்கு பஸ்ஸில் போகவேண்டும். மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் பாதை. நாங்கள் போன அன்று வழியிலே மண் சரிந்து பாதை அடைபட்டிருந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் அங்கேயே கழிந்தன. எங்கள் திட்டத்திலே ஒருநாள் பறிபோயிற்று.

துன்சே ஏறக்குறைய 2,000 மீற்றர் உயரம். அங்கிருந்து முதல்நாள் நடை சந்தன்பாரி என்ற இடத்துக்கு. ஒரே நாளில் 1,300 மீற்றர் ஏற்றம். தொடக்கத்திலேயே முழங்காலைச் சோதிக்கும் வழி. கருவாலி மரக் காடு. அதற்கு மேலே ஊசியிலைக் காடு. இடையிடையே செக்கச்செவேலென்று பூத்து நின்ற றொடோடென்ரன் மரங்கள். நேபாளத்தின் தேசிய மலர் அது. அவர்கள் அதனை லாலிகுராஸ் என்கிறார்கள். ஆசிரியர் ஒரு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். "இது எங்கடை ஹோட்டன் சமவெளியிலை பூக்கிற மரமல்லோ!" என்றார். அவர் சொன்னது சரி. இரண்டும் ஒரே இனம். கடலும் பெருநிலமும் தாண்டி, உயரமான குளிர்மலைகளைப் பிடித்துக்கொண்டு அந்த மரம் இரண்டு இடங்களிலும் நிற்கிறது.

அன்று முழுவதும் ஆசிரியர் குறிஞ்சித்திணையைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தார். சங்கப் புலவர்களின் மலையிலே வேங்கை உண்டு, காந்தள் உண்டு, தினைப்புனம் உண்டு, அருவி உண்டு. ஆனால் பனிக்கட்டி இல்லை. இமயத்தின் பெயரை அவர்கள் அறிந்திருந்தார்கள். புறநானூற்றின் இரண்டாம் பாட்டிலேயே இமயமும் பொதியமும் சேர்ந்து வருகின்றன. அங்கேயும் மான்கள் துயிலும் இனிமையான மலைச்சாரல்தான் காட்டப்படுகிறது. மரம் முளைக்காத மலையை, பூவே இல்லாத மலையை எந்தத் திணையிலே சேர்ப்பது என்று நான் கேட்டேன். "அது குளிராலை வந்த பாலை" என்றார் ஆசிரியர். இன்றைக்கும் எனக்கு அதைவிடச் சிறந்த விடை தெரியாது.

சந்தன்பாரியிலே ஒரு பழைய பௌத்த கோயிலும், பாலாடைக்கட்டி செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையும், சில தங்குமனைகளும் இருந்தன. எங்களுக்கு வழிகாட்டியாக வந்த தமாங் இளைஞன் இரவு அடுப்பங்கரையிலே இருந்து சொன்னான்: "நாளைக்கு இங்கேயே நிற்போம். பெரியவருக்கு நல்லது." திட்டத்திலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் பாதையிலே ஒருநாளை இழந்துவிட்டோம். விமான ரிக்கற் மாற்றமுடியாதது. மனதுக்குள்ளே நாட்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். ஓய்வுநாளை விட்டால் குளத்தைப் பார்த்துவிட்டு நேரத்துக்குத் திரும்பலாம். "சேர் நல்ல பலமாய்த்தானே இருக்கிறார், போவம்" என்றேன். ஆசிரியர் மறுக்கவில்லை. அந்த முடிவு என்னுடையது. இன்றுவரை அதை வேறொருவர் தலையில் நான் போட்டதில்லை.

அடுத்தநாள் மத்தியானம் மரங்கள் முடிந்தன. வழி நெடுக முதுகுபோன்ற மலைத்தொடர். மேலே 3,900 மீற்றர் உயரத்திலே லௌரிபினா. அங்கே நின்று பார்த்தால் மேற்கே கணேஷ் ஹிமாலும் அதற்கப்பால் மனஸ்லுவும், வடக்கே 7,200 மீற்றருக்கு மேற்பட்ட லாங்ராங் லிறுங் சிகரமும் வரிசையாகத் தெரிகின்றன. அந்தக் காட்சியைக் கண்டு நான் வாய் திறந்து நின்றேன். ஆசிரியர் பார்க்கவில்லை. தங்குமனை வாசலில் இருந்த கல்லிலே தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"என்ன சேர், தலையிடியோ?"

"இல்லையடாப்பா, வெய்யில்."

இரவு சோறும் பருப்பும் வந்தன. அவர் தொடவில்லை. நடுச்சாமத்தில் எழுந்து சத்தி எடுத்தார். என்னிடம் இருந்த பனடோல் குளிசையைக் கொடுத்தேன். விடிந்தது. வானம் கண்ணாடிபோல இருந்தது. குளத்துக்கு இன்னும் மூன்று, நான்கு மணித்தியால நடைதான். ஆசிரியர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். இடது சப்பாத்து நூலைக் கட்ட அவரால் முடியவில்லை. நான் குனிந்து கட்டிவிட்டேன். அதைக்கூட நான் களைப்பு என்றுதான் நினைத்தேன்.

தங்குமனையை நடத்தியவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு தமாங் பெண்மணி. அவர் தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டு ஆசிரியரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தரையிலே பலகைகள் பொருந்தும் நீண்ட கோடு ஒன்றைக் காட்டி, அதன்மேல் ஒரு பாதத்தின் குதியோடு மற்றப் பாதத்தின் விரலைத் தொட்டுத் தொட்டு நடந்து காட்டும்படி கையால் சைகை செய்தார். சின்னப் பிள்ளையின் விளையாட்டுப் போன்ற காரியம். ஆசிரியர் சிரித்துக்கொண்டு எழுந்தார். முதல் அடி வைத்தார். இரண்டாவது அடியிலே சரிந்து சுவரைப் பிடித்தார். மறுபடியும் முயன்றார். மறுபடியும் சரிந்தார்.

அந்தப் பெண்மணி என்னைப் பார்த்து, கையைக் கீழ்நோக்கிக் காட்டினார். ஒரே சொல்லைத்தான் இரண்டு தரம் சொன்னார். வழிகாட்டி இளைஞன் மொழிபெயர்த்தான்: "கீழே. இப்பவே."

நேயர்களே, அந்த எளிய சோதனையின் பொருளைப் பின்னர்தான் படித்து அறிந்துகொண்டேன். 4,000 மீற்றர் அளவிலே காற்றின் அமுக்கம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 வீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசன் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. உடம்பு வேகமாக மூச்சுவாங்கி ஈடுசெய்யப் பார்க்கிறது. அதனால் இரத்தத்தின் இரசாயனச் சமநிலை மாறுகிறது. சிறுநீரகங்கள் அதனைச் சரிக்கட்டச் சில நாட்கள் எடுக்கும். அந்தச் சில நாட்களை உடம்புக்குக் கொடுக்காமல் மேலே ஏறினால் தலையிடி, ஓங்காளம், நித்திரையின்மை வரும். அதற்கும் மேலே போனால் மூளையிலே நீர்கோத்து வீக்கம் உண்டாகும். கால் தள்ளாடுவதும் புத்தி தடுமாறுவதும் அதன் அடையாளங்கள். அந்நிலையில் மேலே ஏறுவது சாவைத் தேடிப் போவதுதான். அதற்கு முதல் மருந்து கீழே இறங்குவது. 3,000 மீற்றருக்கு மேலே, உறங்கும் உயரத்தை ஒருநாளைக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது வைத்தியர்கள் வகுத்த விதி. நாங்கள் முதல்நாள் 1,300 மீற்றரும், மறுநாள் ஏறக்குறைய 600 மீற்றரும் ஏறியிருந்தோம்.

எங்களுக்கு மாத்திரம் நேர்ந்ததல்ல இது. ஆவணி மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி, ஜனை பூர்ணிமா என்ற திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கான மக்கள் இந்தக் குளத்துக்கு ஏறுகிறார்கள். நேபாள வைத்தியர் புத்த பஸ்ஞாத்தும் அவருடைய சகாக்களும் அந்த யாத்திரிகர்களைப் பரிசோதித்து 2000ஆம் ஆண்டிலே ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பரிசோதிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் உயர நோயின் அறிகுறிகள் இருந்தன. பக்தியுள்ளவன் ஓய்வெடுக்க விரும்பமாட்டான். தலையிடித்தால் அது இறைவன் வைக்கும் சோதனை என்று நினைப்பான். நாங்களும் அப்படி நினைத்தவர்கள்தாம்.

ஆசிரியர் இறங்க மறுத்தார். சுவரைப் பிடித்தபடியே நின்று, "இவ்வளவு தூரம் வந்திட்டன். ஒருக்கால் கண்ணாலை பார்த்தாப் போதும். நீ என்னைத் தூக்கிக்கொண்டாவது போ தம்பி" என்றார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. வகுப்பிலே அவர் விளக்கிய அதே இடம் எனக்கு ஞாபகத்துக்கு வந்தது. திரும்பிப் போ என்று சொல்லும் முனிவரும், போகமாட்டேன் என்று கிடக்கும் அடியாரும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அந்த நிமிடத்திலே எனக்கு ஆசிரியர்மேல் இரக்கத்தைவிடக் கோபம்தான் கூடுதலாக இருந்தது. குளம் எனக்கும் போய்விட்டதே என்ற கோபம். வழிகாட்டியோடு அவரைக் கீழே அனுப்பிவிட்டு நான் மாத்திரம் மேலே போய் வரலாமா என்றுகூட ஒரு கணம் எண்ணினேன். அந்தப் பெண்மணி என்னுடைய முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆசிரியரின் பையைத் தூக்கி என் தோளிலே மாட்டிவிட்டார்.

இறங்கினோம். ஒருபக்கம் வழிகாட்டி, மறுபக்கம் நான். முதல் ஒரு மணித்தியாலம் ஆசிரியர் குடிகாரனைப்போல நடந்தார். சம்பந்தமில்லாமல் ஏதேதோ கதைத்தார். என்னை வேறொரு மாணவனின் பெயரால் கூப்பிட்டார். மரங்கள் தொடங்கிய இடத்திலே கொஞ்சம் தெளிந்தார். சந்தன்பாரிக்கு வந்து சேர்ந்து இரண்டு மணித்தியாலம் கழித்து, "பசிக்குது" என்றார். அந்த ஒரு சொல்லைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதலை விவரிக்க முடியாது. வெளியே போய் விறகுக் குவியலுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

அன்று பின்னேரம் அடுப்பருகில் இருந்து சூப் குடித்தபடி ஆசிரியர் கேட்டார்: "அந்த மனுசி ஆர் தெரியுமோ?"

"ஆர் சேர்?"

"சேக்கிழார் சொன்ன முனிவர்."

இருவரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபின் அவர் அந்தப் பகுதியை மறுபடியும் விளக்கினார், முப்பது வருடங்களுக்கு முன் வகுப்பிலே சொல்லாமல் விட்ட விளக்கத்தோடு. திரும்பிப் போ என்ற சொல்லைச் சேக்கிழார் யாரோ ஒரு வழிப்போக்கனின் வாயிலே வைக்கவில்லை; தேடிப்போன இறைவனின் வாயிலேயே வைத்திருக்கிறார். அப்பர் நடந்ததும் பக்திதான், பிறகு மூழ்கி ஐயாற்றுக்கு வந்ததும் பக்திதான் என்றார். ஐயாற்றிலே அப்பர் எதைக் கண்டார்? களிறும் பிடியும், சேவலும் பெடையுமாய் உலகத்து உயிர்கள் இணையிணையாக வருவதைக் கண்டு பாடினார். "கயிலையிலை போய்ப் பார்க்க நினைச்சதை ஊர் வழியிலை பார்த்தவர். ஆனால் நடந்து தேய்ஞ்ச கண்ணாலை பார்த்தவர்" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

காத்மண்டுவுக்குத் திரும்பியபின் ஒருநாள் மிஞ்சியிருந்தது. வழிகாட்டி இளைஞன் சொன்ன யோசனைப்படி, அருகிலுள்ள பாட்டன் நகரத்துக் கும்பேஸ்வரர் கோயிலுக்குப் போனோம். ஐந்து கூரைகள் அடுக்கிய பழமையான சிவன் கோயில் அது. அதன் முற்றத்திலே ஒரு தீர்த்தக்குளம் உண்டு. கோசாயிகுண்டத்து நீர் நிலத்துக்கு அடியாலே ஓடிவந்து இந்தக் குளத்தில் ஊறுகிறது என்பது அவ்வூர் மக்களின் நம்பிக்கை. மலையேற இயலாதவர்கள் ஜனை பூர்ணிமா நாளிலே இங்கே வந்து நீராடுகிறார்கள். இதைக் கேட்டதும் ஆசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இமயத்துப் பொய்கையும் ஐயாற்றுக் குளமும் என்று இருவர் மனதிலும் ஒரே நேரத்தில் ஓடியது. அவர் ஒன்றும் பேசாமல் குனிந்து இரண்டு கையாலும் நீரை அள்ளித் தலையிலே விட்டுக்கொண்டார். நான் செய்யவில்லை. எனக்கு அப்போதும் மனத்தாங்கல் தீரவில்லை. உண்மையான குளம் மேலே இருக்கிறது, இது வெறும் சமாதானம் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

ஆறு வருடங்கள் கழித்து, 2018 சித்திரையிலே, நான் தனியாக மறுபடியும் போனேன். இடையிலே 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் திகதி வந்த பூகம்பம் அந்த மாவட்டத்தைச் சிதைத்திருந்தது. பக்கத்துப் பள்ளத்தாக்கிலே லாங்ராங் கிராமம் முழுவதுமே பனியும் பாறையும் சரிந்து மூடுண்டு போயிற்று. லௌரிபினாவிலே அந்தத் தங்குமனை தகரக் கூரையோடு புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. அதே பெண்மணி இருந்தார். என்னை மட்டுக்கட்ட அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அறிந்துகொண்டதும் முதலிலே கேட்டது, "பெரியவர் எங்கே?" என்பதுதான். சுகமாக இருக்கிறார் என்று சொன்னேன். அவர் கைகூப்பினார்.

இம்முறை சந்தன்பாரியிலே இரண்டு இரவு. லௌரிபினாவிலே இரண்டு இரவு. ஐந்தாம் நாள் விடியற்காலையிலே புறப்பட்டேன். மலைமுதுகு முடிந்ததும் பாதை செங்குத்தான சரிவின் பக்கமாக ஒடுங்கிச் செல்கிறது. ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பாதையிலே பழைய பனி இறுகிக் கிடந்தது. பத்தடி வைத்தால் நின்று மூச்சு வாங்கவேண்டும். கீழே சரஸ்வதி குண்டம், அடுத்து பைரவ குண்டம் என்று சிறிய குளங்கள் தெரிந்தன. ஒரு திருப்பத்திலே திடீரென்று கோசாயிகுண்டம் எதிரே விரிந்தது.

ஏறக்குறைய 14 ஹெக்டேயர் பரப்பு. எங்களூர்க் குளங்களைக் கண்ட கண்ணுக்கு அது சிறிதுதான். மூன்று பக்கமும் கரும்பாறை. கரையிலே சிறு கோயில், மணிகள், சூலங்கள். மரம் இல்லை, பறவையின் குரல்கூட இல்லை. ஆசிரியர் சொன்ன குளிர்ப்பாலை அதுதான். நான் குனிந்து நீரை அள்ளக் கையை நீட்டினேன். கையிலே தட்டுப்பட்டது பனிக்கட்டி. வருடத்திலே பல மாதங்கள் அந்தக் குளம் உறைந்து கிடக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஆறு வருடமாகக் காத்திருந்து வந்த ஆசையிலே அதை மறந்துபோனேன். ஒரு கல்லை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். உடையவில்லை.

ஊருக்கு வந்ததும் ஆசிரியரைப் பார்க்கப் போனேன். விறாந்தையிலே சாய்மனைக் கதிரையில் இருந்தார். படங்களையெல்லாம் ஒவ்வொன்றாக, கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தார். பாறையைக் கேட்டார், கோயிலைக் கேட்டார், அந்தப் பெண்மணியைக் கேட்டார். பிறகு ஆறுதலாகக் கேட்டார்:

"தீர்த்தம் எடுத்துத் தலையிலை தெளிச்சனியோ?"

"இல்லை சேர். முழுக்க உறைஞ்சு கிடந்தது."

அவர் சிறிது நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, வகுப்பிலே சிரித்த அதே சிரிப்பு.

"அப்ப அந்தக் குளத்திலை நனைஞ்சது நான்தான்" என்றார்.